ஆங்கிலத்தில் யோசனை சொல்வது: 'ஷுட்', 'மைட்', 'ஹேட் பெட்டர்' எது எவ்வளவு கனம்?

பொருநை

வணக்கம் நண்பர்களே. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் தரப்புக் குழு மான்செஸ்டரில் இருக்கிறது. இங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். காலம், ஒருமை பன்மை எல்லாம் சரியாகவே எழுதுகிறார்கள். யோசனை சொல்ல வரும்போதுதான் சிக்கல். 'யூ ஷுட் சேஞ்ச் திஸ் டிசைன்', 'யூ ஹேட் பெட்டர் டெஸ்ட் இட் அகெய்ன்' என்று மெயில் போகிறது. எழுதுகிறவர்கள் மரியாதையாகத்தான் எழுதுகிறார்கள். படிக்கிறவர்களுக்கு அது அதட்டலாகப் போய்ச் சேர்கிறது.

இன்னொரு பக்கம், இணையத்தில் கிடைக்கும் மரபுத்தொடர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்துவிட்டு 'ஃபுட் ஃபார் தாட்' (யோசிக்க வைக்கும் விஷயம்), 'திங்க் அவுட்சைட் த பாக்ஸ்' (வழக்கமான வட்டத்தைத் தாண்டி யோசி) இல்லாமல் ஒரு மெயிலும் அனுப்புவதில்லை.

அறிவுரை சொல்லும் தொடர்களில் எது மென்மை, எது கடுமை? மரபுத்தொடர்களில் எவை உண்மையிலேயே கற்றுக்கொடுக்கத் தகுந்தவை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

பொருநை, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்தச் சிக்கலின் வேர் நம் 'வேண்டும்' என்ற சொல்லில் இருக்கிறது. 'எனக்குத் தண்ணி வேணும்', 'நான் ஊருக்குப் போகணும்', 'நீங்க அந்த டாக்டரைப் பார்க்கணும்', 'மாசக் கடைசிக்குள்ள வரி கட்டணும்'. விருப்பம், தேவை, அறிவுரை, கட்டாயம் எல்லாவற்றையும் இந்த ஒரு 'ணும்' சுமக்கிறது. ஆங்கிலம் இதையே வான்ட், நீட், ஷுட், மஸ்ட் என்று பிரித்து வைத்திருக்கிறது. நம் பிள்ளைகள் 'ணும்' வரும் இடத்திலெல்லாம் 'ஷுட்' போட்டுவிடுகிறார்கள்.

தமிழில் 'ணும்' போட்டாலும் நாம் யாரையும் புண்படுத்துவதில்லை. ஏனென்றால் நமக்கு மென்மை வேறு இடத்திலிருந்து வருகிறது. 'நீங்க' இருக்கிறது. 'பாருங்களேன்' இருக்கிறது. 'பார்க்கலாமே', 'பார்த்தா நல்லா இருக்கும்' இருக்கிறது. ஆங்கிலத்திலோ பேரனுக்கும் 'யூ', பிரதமருக்கும் 'யூ'. மரியாதை முழுவதையும் வினைச்சொல்தான் சுமந்தாக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இனி கனத்துக்கு வருவோம். மிக மெல்லியது 'யூ மைட் வான்ட் டு'. 'யூ மைட் வான்ட் டு செக் த டேட்' என்றால் 'தேதியை ஒரு தடவை பார்த்துக்கங்க' என்கிற அளவுதான். அடுத்து 'யூ குட்'. இது வழிகளில் ஒன்றைக் காட்டுவது, தள்ளுவது இல்லை. அதற்கடுத்து 'இட் மைட் பி எ குட் ஐடியா டு'. 'இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் வெயிட்' என்பது 'நானா இருந்தா பொறுத்திருப்பேன்' என்கிற நம் பேச்சேதான். அங்கே யோசனை சொல்கிறவர் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், கேட்கிறவரைச் சுட்டுவதில்லை. அதனால் மேலதிகாரியிடம்கூடத் துணிந்து சொல்லலாம்.

'யூ ஷுட்' நண்பர்களுக்குள், சமமானவர்களுக்குள் மிக இயல்பு. முன்னால் 'ஐ திங்க்', நடுவில் 'ப்ராபப்ளி' சேர்த்தால் அலுவலகத்துக்கும் பொருந்தும். 'யூ நீட் டு', 'யூ ஹேவ் டு' இரண்டும் யோசனை என்ற எல்லையைத் தாண்டிவிட்டன.

'ஹேட் பெட்டர்' தனி. பலரும் இதை 'செய்வது நல்லது' என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். 'பெட்டர்' என்ற சொல் உள்ளே இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அதன் வால் மறைந்திருக்கிறது: 'செய்துவிடு, இல்லாவிட்டால்…' என்ற வால். 'வி ஹேட் பெட்டர் லீவ் நவ்' என்று நம்மையும் சேர்த்துச் சொன்னால் பிழையில்லை, ரயில் போய்விடுமே என்ற அவசரம். 'யூ ஹேட் பெட்டர் ஃபினிஷ் திஸ்' என்று வாடிக்கையாளருக்கு எழுதினால் அது மிரட்டல்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். மென்மைக்காக ஆங்கிலம் எடுக்கும் வடிவங்கள் எல்லாமே பார்வைக்கு இறந்தகாலம்: குட், மைட், வுட், வேர், 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப்'. சொல்வது இன்றைக்கும் நாளைக்கும், வடிவம் மட்டும் நேற்றையது. கேட்பவரிடமிருந்து ஓரடி பின்னால் நின்று பேசுவது மாதிரி. 'ஹேட் பெட்டர்' மட்டும் இறந்தகால வடிவில் இருந்துகொண்டே முன்னால் வந்து நிற்கும். பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான்.

'வை டோன்ட் யூ' என்பதையும் கேள்வியாக எடுக்கக் கூடாது. 'வை டோன்ட் யூ ஆஸ்க் ஹர்?' என்றால் 'அவங்ககிட்ட கேளுங்களேன்'. அந்த 'ஏன்' நம் விகுதியிலும் நிற்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் ஒற்றுமை. ஆனால் 'டோன்ட்' போய் 'டிடின்ட்' வந்தால் பழி. 'வை டிடின்ட் யூ ஆஸ்க் ஹர்?' என்றால் 'கேட்டிருக்க வேண்டியதுதானே' என்ற குற்றச்சாட்டு.

நிரலன்

டீச்சர் சொன்ன கனம் என்ற விஷயத்தை எங்கள் துறையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இணைய நெறிமுறை ஆவணங்களில் ஆர்எஃப்சி 2119 என்று ஒன்று, 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதியது. அதில் 'மஸ்ட்', 'ஷுட்', 'மே' ஆகிய சொற்களுக்கு என்ன பொருள் என்று வரையறை இருக்கிறது. 'மஸ்ட்' என்றால் விதிவிலக்கே இல்லாத கட்டாயம். 'ஷுட்' என்றால், தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் மீறினால் என்ன ஆகும் என்று முழுக்கப் புரிந்து, எடைபோட்டுப் பார்த்த பிறகே மீற வேண்டும். 'மே' என்றால் உங்கள் விருப்பம்.

பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே இந்தப் பொருள் என்று 2017இல் வந்த ஆர்எஃப்சி 8174 தெளிவுபடுத்தியது. சின்ன எழுத்தில் வரும் 'ஷுட்' சாதாரண ஆங்கில 'ஷுட்'தான்.

பொருநை, உங்கள் பிள்ளைகள் மென்பொருள்காரர்கள் என்பதால் இந்த எடுத்துக்காட்டு உடனே பிடிபடும். 'ஷுட்'டுக்குள் 'காரணம் இருந்தால் நீங்கள் மறுக்கலாம்' என்ற இடம் இருக்கிறது என்பதை நான் இலக்கணப் புத்தகத்தில் கற்கவில்லை, அந்த ஆவணத்தில்தான் கற்றேன்.

லீட்ஸ் செவிலி

இங்கிலாந்தில் மருத்துவமனை வேலை எனக்கு. எங்களுக்கும் இதே கதைதான். இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, பரிந்துரையின் பலத்தைச் சொல்லிலேயே காட்டுகிறது. சான்று வலுவாக இருந்தால் 'ஆஃபர்' என்று எழுதுவார்கள். நன்மை தீமை கிட்டத்தட்ட சமமாக, நோயாளியின் விருப்பத்தைப் பொறுத்து மாறக்கூடியதாக இருந்தால் 'கன்சிடர்'. சட்டக் கடமை இருக்கும் இடத்திலோ, தவறினால் விளைவு மிக மோசமாக இருக்கும் இடத்திலோ மட்டும்தான் 'மஸ்ட்'. புதிதாக வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் 'கன்சிடர்' என்று படித்ததும் 'கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை, யோசித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே வண்டி ஓட்டக் கற்கும் எல்லோரும் படிக்கும் ஹைவே கோட் இன்னொன்று. 1931இல் முதலில் வந்தது. அதில் 'மஸ்ட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும் விதியை மீறினால் சட்டப்படி குற்றம். 'ஷுட்' என்று இருப்பதை மீறுவது மட்டுமே குற்றமாகாது. ஆனால் விபத்து நடந்து வழக்கு வந்தால் அதை உங்களுக்கு எதிராகக் காட்டலாம். ஆக இந்த நாட்டில் 'ஷுட்' என்பது வெறும் ஆலோசனையும் இல்லை, கட்டளையும் இல்லை.

பேச்சில் மட்டும் 'மஸ்ட்' தலைகீழாகிவிடும். 'யூ மஸ்ட் ட்ரை திஸ் கேக்' என்றால் ஆசையோடு சொல்வது. 'யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்' என்றால் 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்'. நாள் குறிக்காதவரை அதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது!

எதிர்க்காற்று

எல்லாம் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. நம் பிள்ளைகள் நேராக எழுதுகிறார்கள். 'இது தவறு, மாற்றுங்கள்' என்பதில் என்ன குறை? ஆங்கிலம் இப்போது மான்செஸ்டர்காரர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்தியாவில் பேசும் ஆங்கிலமும் ஆங்கிலம்தான்.

இதை வீம்புக்குச் சொல்லவில்லை. மென்மை ஆளைக் கொல்லும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1982 ஜனவரி 13, வாஷிங்டன். கடும் பனியில் ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 விமானம் புறப்படுகிறது. ஓடுபாதையில் ஓடும்போதே துணை விமானிக்குக் கருவி காட்டும் அளவு சரியில்லை என்று தெரிகிறது. 'இது சரியாகத் தோன்றவில்லையே, இல்லையா?' என்ற தோரணையில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தலைமை விமானி சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். 'நிறுத்துங்கள்' என்ற ஒரு சொல் வரவில்லை. விமானம் எழும்பிய சில விநாடிகளில் பாலத்தில் மோதிப் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் இருந்த 4 பேரையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை, எச்சரித்தும் புறப்பாட்டைக் கைவிடாததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. விமானிகளுக்கு உறுதியாகப் பேசும் பயிற்சி வேண்டும் என்ற பேச்சு வலுத்ததில் இந்த விபத்துக்குப் பங்கு உண்டு.

'யூ மைட் வான்ட் டு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் இதையும் சொல்லிக்கொடுங்கள்.

லீட்ஸ் செவிலி

எதிர்க்காற்று அண்ணா, நீங்கள் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். எங்கள் வேலையிலும் அதே பயம் உண்டு. மூத்த மருத்துவர் தவறான மருந்தைச் சொல்லும்போது 'யூ மைட் வான்ட் டு' என்று இழுத்துக்கொண்டிருக்க முடியாது.

அதற்காகவே அமெரிக்காவில் டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சியில் மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதலில் 'ஐ ஆம் கன்சர்ன்ட்', எனக்குக் கவலையாக இருக்கிறது. கேட்கவில்லையா, 'ஐ ஆம் அன்கம்ஃபர்டபிள்', எனக்கு இது ஒப்பவில்லை. அப்போதும் கேட்கவில்லையா, 'திஸ் இஸ் எ சேஃப்டி இஷ்யூ'. மூன்றாவதைக் கேட்டதும் எல்லோரும் கையை நிறுத்த வேண்டும் என்பதுதான் பயிற்சி. மூன்று வாக்கியங்களிலும் வசவு இல்லை, 'யூ' என்ற சொல்லும் இல்லை. ஆனால் கனம் ஏறிக்கொண்டே போகிறது.

கனத்தைத் தெரிந்து வைத்திருப்பவரால்தான் ஏற்றவும் முடியும். எப்போதும் ஒரே உரத்தில் பேசுகிறவர் ஆபத்து நேரத்தில் இன்னும் எவ்வளவு உரக்கப் பேச முடியும், சொல்லுங்கள்?

எதிர்க்காற்று

இது நியாயம். ஆபத்து இருந்தால் நேராக, இல்லாவிட்டால் இதமாக என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் இதமாகச் சொல்லும்போதும் விஷயம் தொலையக் கூடாது. 'சில மாற்றங்களைச் சிந்திக்கலாம்' என்று எழுதிவிட்டு எந்த மாற்றம் என்று சொல்லாத மெயில்கள்தான் எனக்கு ஆத்திரம்.

கரும்பலகை

அதற்கு ஒரு வழக்கம் சொல்கிறேன். வினையை மென்மையாக்குங்கள், விஷயத்தை மென்மையாக்காதீர்கள். 'வி குட் மூவ் த ரிலீஸ் டு மண்டே, பிகாஸ் த பேமென்ட் டெஸ்ட் ஃபெயில்ட்.' 'குட்' இதம். திங்கட்கிழமை, பணம் செலுத்தும் சோதனை தோற்றது என்ற இரண்டும் உறுதி. காரணம் சொல்லிவிட்டால் அதட்டல் தானாகவே குறைந்துவிடும், எந்த மொழியிலும்.

காசாளர்

வங்கியில் இருப்பவன் என்பதால் ஒரு சின்னக் குறிப்பு. 'அட்வைஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பன்மை கிடையாது. 'மெனி அட்வைசஸ்' என்று எழுதக் கூடாது. 'சம் அட்வைஸ்', 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', கொஞ்சம் எச்சரிக்கை கலந்து சொல்வதானால் 'எ வேர்ட் ஆஃப் அட்வைஸ்'. ஆனால் வங்கியில் 'பேமென்ட் அட்வைஸ்', 'கிரெடிட் அட்வைஸ்' என்பது வேறு. அது அறிவுரை இல்லை, பணம் வந்தது, போனது என்று தெரிவிக்கும் சீட்டு. 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று அலுவலக மெயிலில் முடிப்பதும் அந்த வழி வந்ததுதான்: 'தகவல் சொல்லுங்கள்' என்று பொருள்.

பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் தமிழில் எழுதினால் ஒரே மாதிரி வரும். ஆங்கிலத்தில் எழுத்தும் வேறு, உச்சரிப்பும் வேறு. வினையில் கடைசி ஒலி 'ஜ'வுக்குப் பக்கத்தில் அதிரும். காது பழகினால்தான் வரும்.

பொருநை

'சஜஸ்ட்' பற்றி யாராவது சொல்லுங்களேன். 'சஜஸ்ட் மி எ குட் புக்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

கரும்பலகை

'சஜஸ்ட்'டுக்குப் பின்னால், யாருக்கு யோசனை சொல்கிறோமோ அந்த ஆள் ('மி' போல) நேரடியாக வரக் கூடாது. 'கேன் யூ சஜஸ்ட் எ குட் புக்?' போதும். 'ஐ சஜஸ்ட் டு கோ' என்பதும் வராது. 'ஐ சஜஸ்ட் கோயிங்' அல்லது 'ஐ சஜஸ்ட் யூ கோ' (இங்கே 'யூ' என்பது 'கோ'வின் எழுவாய், அதனால் பிழையில்லை). 'அட்வைஸ்' வினைக்குப் பின்னால் அந்த ஆள் நேரடியாக வரலாம்: 'ஷி அட்வைஸ்ட் மி டு வெயிட்'. இரண்டையும் கலந்துகொள்வதால்தான் குழப்பம்.

குறிஞ்சி

'ஐடியா' பற்றி யாருமே பேசவில்லையே! நாம் தமிழில் 'வீடு வாங்குற ஐடியா இருக்கா?' என்கிறோம். அங்கே ஐடியா என்றால் எண்ணம், உத்தேசம். 'எனக்கு அந்த ஐடியா இல்லை' என்றால் 'செய்யப் போவதில்லை'. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் நோ ஐடியா' என்றால் 'எனக்குத் தெரியவே தெரியாது'. இது தெரியாமல் ஒருவர் 'வில் யூ ஜாயின் அஸ் ஃபார் த ட்ரிப்?' என்பதற்கு 'நோ ஐடியா' என்று பதில் சொன்னால், கேட்டவர் 'இன்னும் முடிவு செய்யவில்லை போல' என்று காத்திருப்பார். உத்தேசம் கேட்க 'ஆர் யூ திங்கிங் ஆஃப் பையிங் எ ஹவுஸ்?' என்பதுதான் வழக்கு.

நல்ல யோசனையைப் பாராட்டுவதிலும் வித்தியாசம் உண்டு. திட்டத்தைப் பாராட்ட 'குட் ஐடியா'. சமயோசிதமாக ஒன்றை யோசித்திருந்தால் 'குட் திங்கிங்'. ஒருவர் எடுத்த முடிவு சரியாக அமைந்தால் 'குட் கால்'. வாதத்தில் ஒருவர் சொன்னது சரி என்றால் 'குட் பாயின்ட்'. எல்லாவற்றுக்கும் 'சூப்பர்' போடும் நமக்கு இது கொஞ்சம் பழக வேண்டும். 'தட் இஸ் நாட் எ குட் ஐடியா' என்பது கேட்க இதமாக இருந்தாலும் மிகத் தெளிவான மறுப்பு, 'கூடவே கூடாது' என்பதற்கு மிகப் பக்கத்தில்.

வடமராட்சி

வணக்கம். பொருநை கேட்ட இரண்டாம் கேள்விக்கு ஒருத்தரும் வரேல்லை. நான் பழைய புத்தகங்களோட கிடக்கிற ஆள் எண்டபடியால் சொல்லுறன்.

இந்த மரபுத்தொடர்கள் எங்கையிருந்து வந்தது எண்டு பிள்ளையளுக்குச் சொன்னால், எங்க பாவிக்கிறது எண்டது தானா விளங்கும். 'டூ ஹெட்ஸ் ஆர் பெட்டர் தேன் ஒன்', 'எ பென்னி ஃபார் யுவர் தாட்ஸ்' ரெண்டும் ஜோன் ஹேவுட் 1546இல வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இருக்குது. முதலாவது, ஒருத்தரை விட ரெண்டு பேர் யோசிச்சால் நல்லது எண்டது, இண்டைக்கும் உயிரோட இருக்குது, கூட்டு வேலைக்குக் கூப்பிடேக்க சொல்லலாம். இரண்டாவது, பேசாமல் யோசிச்சுக்கொண்டு இருக்கிறவரிட்ட 'என்ன யோசனை?' எண்டு அன்பாய்க் கேக்கிறது. அதிகாரிக்கு மெயிலில எழுதுறது இல்லை.

'ஆன் அவுன்ஸ் ஆஃப் ப்ரிவென்ஷன் இஸ் வொர்த் எ பவுண்ட் ஆஃப் க்யூர்', அதாவது வந்தபிறகு தீர்க்கிறதை விட வரமுதல் காக்கிறது மேல் எண்டதை இப்ப வைத்தியம் பற்றித்தான் சொல்லுவினம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1735இல தன்ர பென்சில்வேனியா கெசட் பத்திரிகையில அதை எழுதினது தீ விபத்தைப் பற்றி. அறைக்கு அறை நெருப்புத்தணலைத் திறந்தபடி கொண்டுபோகாதேங்கோ, கொண்டுபோறதெண்டால் மூடிக் கொண்டுபோங்கோ எண்டு பிலடெல்பியா சனத்துக்குச் சொன்ன நேரடி அறிவுரை அது. அடுத்த வருசம் அங்க தன்னார்வத் தீயணைப்புக் குழுவையும் தொடக்கினார். சொன்னதோட நிக்கேல்லை, அதுதான் எனக்குப் பிடிச்சது.

'பிரெயின்ஸ்டார்ம்' எண்ட சொல்லு தொடக்கத்தில மூளைக் கலக்கத்தைத்தான் குறிச்சது, திடீரெண்டு புத்தி தடுமாறுறதை. நியூயோர்க்கின்ர பெரிய விளம்பர நிறுவனம் ஒண்டில இருந்த அலெக்ஸ் ஓஸ்போர்ன் அதைக் கூட்டாய் யோசிக்கிற முறைக்குப் பெயராக்கினார். 1953இல வந்த அவற்ற புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஓஸ்போர்ன் சொன்ன விதியள் நாலு: ஒருத்தற்ற யோசனையையும் உடனே குறை சொல்லாதே, எண்ணிக்கை கூடட்டும், விசித்திரமான யோசனைக்கும் இடம் குடு, மற்றவர் சொன்னதில உன்ரையைச் சேர்த்து வளர். ஆனால் 1958இல யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதிச்சுப் பார்த்தால், நாலு பேர் சேர்ந்திருந்து யோசிச்சதை விட நாலு பேர் தனித்தனியா யோசிச்சுப் பிறகு ஒண்டா வைச்சதில கூட யோசனை கிடைச்சுது. அதால கூட்டத்துக்கு முதல் எல்லாரையும் தனிய எழுதி வரச் சொல்லுறது நல்லது எண்டு நான் நினைக்கிறன். இன்னொண்டு, திடீரெண்டு வாற நல்ல யோசனையைப் பிரித்தானியர் 'பிரெயின்வேவ்' எண்டுதான் சொல்லுவினம்.

'திங்க் அவுட்சைட் த பாக்ஸ்'ஐ ஒன்பது புள்ளிப் புதிரோட சேர்த்துத்தான் சொல்லிக்குடுப்பினம். மூண்டு வரிசையா ஒன்பது புள்ளி, பேனையை எடுக்காமல் நாலு நேர்கோட்டால எல்லாத்தையும் இணைக்கோணும். கோட்டைச் சதுரத்துக்கு வெளியில இழுத்தால்தான் ஏலும். சாம் லொய்டின்ர 1914ஆம் ஆண்டுப் புதிர்த் தொகுப்பிலயே அது இருக்குது. பிறகு மேலாண்மைப் பயிற்சிகளில பிடிச்சுக்கொண்டினம். இப்ப தேய்ஞ்சு போச்சுது. ஒருத்தருக்கு அப்பிடிச் சொன்னால் 'உன்ர யோசனை குறுகினது' எண்டு சொன்ன மாதிரியும் போகும், என்ன செய்யோணும் எண்டதும் விளங்காது. பிள்ளையள் அதை விட்டிடலாம்.

பொருநை

அண்ணை, அருமை! அப்போ கற்றுக்கொடுக்கத் தகுந்தவை எவை என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

வடமராட்சி

வேலைக்கு உதவுறது சிலதுதான். 'லெட் மி ஸ்லீப் ஆன் இட்', ஒரு இரவு பொறுத்து முடிவு சொல்லுறன். அவசரப்படுத்துறவரை மரியாதையா நிப்பாட்ட இதைவிட நல்ல வசனம் இல்லை. 'கேன் ஐ ரன் திஸ் பாஸ்ட் யூ?', முடிவாக்க முதல் உங்கட கருத்தைக் கேக்கலாமோ? 'ஆஸ் எ ரூல் ஆஃப் தம்ப்', கறாரான கணக்கில்லை, அனுபவ அளவு. இந்த 'ரூல் ஆஃப் தம்ப்' மனைவியை அடிக்கிற தடி பெருவிரலை விடத் தடிப்பா இருக்கக் கூடாது எண்டு சொன்ன சட்டத்தில இருந்து வந்தது எண்டு ஒரு கதை உலாவுது. அது பிழை. 1782இல புல்லர் எண்ட நீதிபதி அப்பிடிச் சொன்னதா ஒரு பேச்சு எழும்பி, கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே அவரைப் பெருவிரல் நீதிபதியாக் கீறினவர். ஆனால் சொற்றொடர் அதுக்கு நூறு வருசத்துக்கு முதலே 'கைக்கணக்கு' எண்ட பொருளில புழங்கினது. தயக்கமில்லாமல் பாவிக்கலாம்.

பழமொழியைப் பாதியில விடுறதும் அவையின்ர வழக்கம். 'வெல், வென் இன் ரோம்…' (ஊரோட ஒத்து நட), 'டூ மெனி குக்ஸ்…' (ஆள் கூடினால் வேலை கெடும்) எண்டு நிப்பாட்டிப் போடுவினம், மிச்சம் கேக்கிறவருக்குத் தெரியும். நாங்களும் 'ஆழம் தெரியாம…' எண்டு நிப்பாட்டுறதில்லையோ? முழுப் பழமொழியையும் ஒப்புவிச்சால்தான் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும்.

நிரலன்

ஒரு சந்தேகம். எங்கள் அமெரிக்க வாடிக்கையாளர் 'லெட் அஸ் டேபிள் திஸ் ஐடியா' என்றார். நாங்கள் விவாதத்துக்குத் தயாராகிக் காத்திருந்தோம், பேச்சு வரவே இல்லை.

லீட்ஸ் செவிலி

பிரிட்டனில் 'டேபிள்' என்றால் கூட்டத்தில் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் அப்படியே எதிர்ப்பதம்: ஒத்திப்போடுவது. இந்தியாவில் மசோதா நாடாளுமன்றத்தில் 'டேபிள்' செய்யப்பட்டது என்று செய்தித்தாளில் வருவது பிரிட்டிஷ் வழக்கு.

வடமராட்சி

ஓம். இரண்டாம் உலகப்போர் நேரம் பிரித்தானிய, அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லால நீளமா வாக்குவாதப்பட்டதைச் சர்ச்சில் தன்ர போர் வரலாற்றில எழுதியிருக்கிறார். ரெண்டு தரப்புக்கும் விருப்பம் ஒண்டுதான், அந்த விசயத்தை உடனே பேசோணும் எண்டது. ஒருத்தருக்கு 'டேபிள்' எண்டால் பேசுறது, மற்றவருக்குத் தள்ளிப்போடுறது.

கரும்பலகை

இரண்டு நாட்டவரும் இருக்கும் கூட்டத்தில் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம். பேச வேண்டும் என்றால் 'லெட் அஸ் டிஸ்கஸ் இட் டுடே', தள்ளிவைக்க 'லெட் அஸ் கம் பேக் டு இட் நெக்ஸ்ட் வீக்'. நிரலன், உங்கள் வாடிக்கையாளருக்கு 'வுட் இட் பி ஹெல்ப்ஃபுல் டு பிக் திஸ் அப் அகெய்ன் ஆன் தர்ஸ்டே?' என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள். விஷயம் மறந்துபோகாது, நெருக்குவதாகவும் இருக்காது.